குவடும் கானாறும் நெறியும் படியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாமக்கல்லில் அடியேன் குடியிருக்கும் வீட்டின் மாடியில் விடியற்காலையில் நின்றால், கிழக்கே கொல்லிமலை நெடிய மதில்போல் தோன்றும். வடக்கே தனித்து நிற்பது நைனாமலை. ஊரின் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்பது நாமகிரி. பிறந்தது முதல் பார்த்துவரும் மலைகள் இவை. வங்கிப் பணியில் இருந்த காலத்தில் இவற்றை நின்று நோக்க அவகாசம் வாய்க்கவில்லை. ஓய்வு பெற்றபின், திவ்யப்ரபந்தத்தைப் பெரியோர் திருவடிகளில் அமர்ந்து வ்யாக்யானத்தோடு கேட்கத் தொடங்கிய பிறகே, இம்மலைகளும் பாசுரங்களுக்கு ஒருவகையில் உரை சொல்கின்றன என்பது விளங்கிற்று.

சென்ற புரட்டாசி முதல் சனிக்கிழமையன்று, எங்கள் தெருவில் நடக்கும் சந்தை வகுப்பில் பெருமாள் திருமொழியின் நான்காம் திருமொழியைச் சேவித்தோம். முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர் ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்வாமி, ஆழ்வார் ஆறாம் பாட்டில் திருவேங்கடத்தின் பொற்குவடாக ஆக ஆசைப்படுகிறார். ஏழாம் பாட்டில் கானாறு என்கிறார். எட்டில் வழி, ஒன்பதில் படி. மலையுச்சியில் தொடங்கி ஒவ்வொரு பாட்டிலும் கீழே இறங்கிக்கொண்டே வருகிறாரே! இது ஏற்றமா, இறக்கமா?"

அன்று அடியேன் சொன்ன விடை அரைகுறையானது. ஆழ்வாருடைய நைச்யம் என்று சொல்லி முடித்துவிட்டேன். தவறான விடை அன்று; ஆனாலும் கேட்டவரின் முகம் தெளியவில்லை. வீடு திரும்பி மாடியில் நின்று கொல்லிமலையைப் பார்த்தபோது, விடை அங்கேயே இருப்பதாகப் பட்டது. அந்த இளைஞருக்குத் தாமதமாகச் சொல்லும் விடையே இக்கட்டுரை. இதில் குறை காணும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கொல்லிக்குக் காவலன்

மாசிப் புனர்பூசத்தில் சேரர் குலத்தில் அவதரித்தவர் குலசேகராழ்வார். அவர் அருளிய பெருமாள் திருமொழி 105 பாசுரங்களைக் கொண்டது. அதன் இரண்டாம் திருமொழி முடிவில் ஆழ்வார் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்று சொல்லிக்கொள்கிறார். மூன்றாம் திருமொழி முடிவில் கொங்கர்க்குக் கோன் என்கிறார். கொல்லி என்பதை ஒரு நகரின் பெயராகக் கொள்வாரும் உண்டு. ஆயினும் சேரர்க்குரிய மலையாகக் கொல்லி சங்க நூல்களில் பலகாலும் பேசப்படுவது. வல்வில் ஓரி ஆண்டதும் இந்த மலையையே.

நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றேனும் கொங்கு நாட்டில் இல்லை. சேலம், நாமக்கல் பகுதிகளில் வாழும் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு இது ஒரு குறையாகவே தோன்றும். வெளியூர் அன்பர்கள் வந்தால், "உங்கள் ஊர்ப் பெருமாளுக்கு எந்த ஆழ்வார் மங்களாசாஸனம்?" என்று கேட்பார்கள். சொல்ல ஒன்றும் இராது. ஆனால் ஆழ்வார் ஒருவர் தம் திருநாமத்தோடு எங்கள் மலையின் பெயரையும் எங்கள் நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்பது எங்களுக்குப் பேராறுதல்.

கொல்லிக்குக் காவலன் என்னும் பெயர் வரும் இரண்டாம் திருமொழி முழுவதும் அடியார்களின் பெருமையைப் பேசுவது. அரங்கன் அடியார்களுடைய பாததூளியே தமக்குத் தஞ்சம் என்கிறார் அங்கே. மலைநாட்டு அரசர் ஒருவர், தம் மலையின் பெயரைச் சொல்லும் இடத்திலேயே அடியார்க்கு அடிமைப்பட்டு நிற்கிறார். நான்காம் திருமொழியைத் திறக்கும் திறவுகோல் இதுவே என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

மலையின் அமைப்பு

மலை என்றவுடன் நம் மனத்தில் ஒரு கூர்மையான உச்சி தோன்றும். கொல்லிமலை அப்படிப்பட்டதன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான அது, ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேட்டுநிலம். கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், மலை முடிந்துவிட்டதோ என்று ஐயுறும்படி வயல்களும் ஊர்களும் விரியும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று மலைமேல் உள்ள ஊர்த்தொகுதிகளுக்கு நாடு என்றே பெயர். மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளைகின்றன. சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் பயிராகின்றன.

இம்மலை தனியாக நிற்கவில்லை. வடக்கே இராசிபுரத்துப் பக்கம் போதமலை. கிழக்கே தம்மம்பட்டி, துறையூர் வழியாகச் செல்லும் பள்ளத்தாக்கு. அதைத் தாண்டினால் பச்சைமலை. தெற்கே, உச்சியில் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் தலைமலை. வடக்கே நெடுந்தொலைவில், சேலத்துக்கு அப்பால், ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலை. மேற்கே சமவெளியில் சிதறிக் கிடக்கும் தனிக்குன்றுகளை எங்கள் பக்கத்தில் கரடு என்போம்.

முகடு, அதைச் சூழ்ந்த தொடர், தொடரிலிருந்து இறங்கும் சாரல், சாரலின் முடிவில் அடிவாரம். இத்தனையும் சேர்ந்ததே மலை. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு பாசுரங்களையும் அணுகுவோம்.

குவடு

ஆறாம் பாசுரத்தில் ஆழ்வார், ஊர்வசி மேனகை முதலானோருடைய ஆடலையும் பாடலையும் வேண்டாமென்று விலக்கி, வண்டுகள் இசைபாடும் வேங்கடத்தில் பொற்குவடாக நிற்கும் தவத்தை விரும்புகிறார். குவடு என்றால் சிகரம். அரசராய் இருந்தவர் மலையில் எதுவாக ஆக வேண்டும் என்று எண்ணினால், முதலில் சிகரம் நினைவுக்கு வருவது இயல்பே.

சிகரத்துக்கு ஒரு பெருமை உண்டு. மழையை முதலில் ஏற்பது அதுவே. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலெழுகிறது, மேலே செல்லச் செல்லக் குளிர்கிறது, குளிர்ந்து மழையாகிறது. சுற்றியுள்ள சமவெளி காய்ந்து கிடக்கும்போதும் கொல்லிமலையின்மேல் மேகம் தவழ்வது இதனாலேயே. ஆனால் சிகரத்தில் ஒரு குறையும் உண்டு. மழையை முதலில் வாங்கும் அந்த முகட்டில் நீர் நிற்பதில்லை. பாறைமேல் மண் குறைவு; விழுந்த நீர் வழிந்து ஓடிவிடும். தாகத்தோடு வரும் ஒருவருக்கு முகட்டில் ஒரு கை நீர் கிடைப்பதும் அரிது. முப்பத்தைந்து ஆண்டுகள் வரவு செலவு எழுதிப் பழகியவனுக்கு இது எளிதில் விளங்கும். வரவு முழுதும் அங்கே பதிவாகிறது. இருப்பு மட்டும் அங்கே இல்லை.

இன்னொன்றும் உண்டு, இது முன்னதைவிட முக்கியமானது. திருமலையில் எம்பெருமான் எழுந்தருளியிருப்பது சிகரத்தில் அன்று. சேஷாத்ரி, நீலாத்ரி, கருடாத்ரி, அஞ்சநாத்ரி, வ்ருஷபாத்ரி, நாராயணாத்ரி, வேங்கடாத்ரி என்னும் ஏழு மலைகள் சூழ, ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், தாழ்ந்த ஓர் இடத்தில் ஸ்வாமி புஷ்கரிணிக் கரையில் திருக்கோயில் அமைந்திருக்கிறது. திருமலையின் உயர்ந்த முகடு நாராயணகிரி. அது கோயிலுக்கு மேலே தனியே நிற்கிறது. அங்கே ஸ்ரீபாதங்களைச் சேவிக்கச் செல்பவர்கள், கோயிலைக் கீழே விட்டு மேலே ஏறித்தான் செல்ல வேண்டும்.

மற்ற இடங்களிலும் இவ்வாறே காண்கிறோம். திருமாலிருஞ்சோலையில் அழகர் திருக்கோயில் மலையின் அடியில் உள்ளது. எங்கள் நாமக்கல்லிலும் உச்சியில் கோட்டையே இருக்கிறது. இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த அந்த ஒற்றைக்கல்லின் மேற்குப் பக்கத்தில், மலையின் அடிப்பகுதியைக் குடைந்த குகையில், நரஸிம்ஹன் வீற்றிருக்கிறான். கிழக்குப் பக்கத்தில் அரங்கன் கார்க்கோடகன்மேல் பள்ளிகொண்டிருக்கிறான். எட்டாம் நூற்றாண்டில் அதியர் குடைவித்த அந்தக் குகையை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அதியேந்த்ர விஷ்ணுக்ருஹம் என்கிறது.

ஆகவே திருவேங்கடத்தில் குவடாக நின்றால் மலையின் மேன்மை கிட்டும். மலையாளனுடைய அண்மை கிட்டாது. அடியார்களின் கூட்டமும் அங்கே வராது. முன்பு ஆசைப்பட்டதில் ஒரு குறை கண்டு பின்பு வேறொன்றை ஆசைப்படுவதாக இத்திருமொழியைப் பெரியோர் அநுபவிப்பர். குவட்டில் ஆழ்வார் கண்ட குறை என்ன என்பதை மலையின் அமைப்பே நமக்குக் காட்டிவிடுகிறது.

கானாறு

ஏழாம் பாசுரத்தில் வெண்கொற்றக் குடையின்கீழ் மன்னர்மன்னனாக வீற்றிருக்கும் செல்வத்தை ஆழ்வார் உதறுகிறார். வேங்கடமலையில் காட்டாறாகப் பாய விரும்புகிறார். இங்கே ஒரு நயம். குடைக்கீழ் வீற்றிருத்தல் ஓரிடத்தில் அசையாதிருத்தல். மற்றவர்கள்தாம் தேடி வரவேண்டும். ஆறு தானே தேடிச் செல்வது. குவடு வாங்கியதை ஆறு கொண்டு கொடுக்கிறது.

கொல்லிமலையில் பெய்யும் மழை எங்கெங்கே போகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு பகுதி ஸ்வேத நதியாகி, தம்மம்பட்டிப் பக்கம் இறங்கி, வெள்ளாற்றோடு கலந்து கீழைக்கடலைச் சேர்கிறது. இன்னொரு பகுதி ஐயாறாகி, ஆகாச கங்கை அருவியாய் விழுந்து, புளியஞ்சோலை வழியாகக் காவிரியை நோக்கிச் செல்கிறது. ஒரே மேகத்திலிருந்து அடுத்தடுத்து விழுந்த இரண்டு துளிகள், இடையே ஒரு சிறு மேடு இருந்த காரணத்தால், இரு வேறு ஆறுகளாகிவிடுகின்றன. சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கூடுகிறது. அந்தக் காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்து நிற்கும் இடம் திருவரங்கம். எங்கள் மலைகளுக்கு மங்களாசாஸனம் இல்லாமற் போகலாம். அம்மலைகளின் நீருக்கு அரங்கனுடைய ஊரைச் சுற்றிச் செல்லும் பேறு உண்டு.

பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் எம்பெருமானுடைய ஐந்து நிலைகளையும் நீரை இட்டு விளக்கியிருப்பதை அன்பர்கள் அறிவர். தாகமுடையவனுக்கு அண்டத்துக்கு வெளியேயுள்ள ஆவரண ஜலம் எட்டாதது, பரத்வம் அப்படிப்பட்டது. பாற்கடல் போன்றது வ்யூஹம். பெருக்கெடுத்து ஓடி வற்றிவிடும் ஆறு போன்றவை விபவாவதாரங்கள். மண்ணுக்குள் மறைந்திருந்து, தோண்டினாலன்றிக் கிட்டாத நீர் அந்தர்யாமித்வம். ஆறு வற்றிய பின்பும் தேங்கி நின்று, வருபவர்க்கெல்லாம் பயன்படும் மடுக்களே அர்ச்சாவதாரம். கோடையில் எங்கள் பக்கத்து ஆறுகளைப் பார்த்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். மணலே ஆறாகக் கிடக்கும். நடுவே எங்கோ ஒரு மடுவில் நீர் நிற்கும். ஊர் மாடுகளெல்லாம் அங்கேதான் வரும்.

திருமலையில் தீர்த்த கைங்கர்யத்துக்குள்ள ஏற்றத்தைத் திருமலை நம்பியின் சரிதம் காட்டும். பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் நீர் சுமந்து வந்த அவருக்காக, எம்பெருமான் தானே வேடனாய் வந்து ஆகாச கங்கையைக் காட்டிக்கொடுத்தான் என்பது பெரியோர் வாக்கு. திருமாலிருஞ்சோலையிலும் அழகருக்குத் திருமஞ்சனம் மலைமேலிருந்து வரும் நூபுர கங்கைத் தீர்த்தத்தாலேயே. குவடு பெருமானை நோக்கி நகர முடியாது. குவட்டில் விழுந்த நீர் ஆறாகி, சுனையாகி, குடத்தில் ஏறி, அவன் திருமேனியைத் தொடுகிறது. ஆழ்வார் குவட்டைவிட்டு ஆறாக ஆசைப்பட்டதில் இந்த நெருக்கம் இருக்கிறது.

இங்கே மனத்தை வருத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மலையில் தெளிவாகப் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரைக் கடக்கையில் சாக்கடை கலந்து கறுத்து ஓடுகிறது. ஆழ்வார் ஆக விரும்பிய வடிவம் கானாறு என்று வாயால் சேவித்துவிட்டு, பாலத்தின்மேல் செல்கையில் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். இதில் அடியேனும் சேர்த்தியே.

நெறி

எட்டாம் பாசுரத்தில் ஆழ்வார் வேங்கடமலைமேல் நெறியாய்க் கிடக்க விரும்புகிறார். ஆறு பெருகும், வற்றும். வழியோ எக்காலமும் கிடக்கும். ஆற்றில் அடியார்கள் நீராடுவது சில போது. வழியில் எப்போதும் அவர்கள் திருவடி படும்.

மலைவழி எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். அது நேரே ஏறுவதில்லை. செங்குத்தான இடத்தில் வளைந்து, தாழ்ந்த இடம் தேடி, இரு முகடுகளுக்கு நடுவே கணவாய் கண்டு செல்கிறது. கொல்லிமலைச் சாலையின் எழுபது வளைவுகளும், மலையின் உயரத்தை ஏறுபவனின் மூச்சுக்குத் தக்கபடி பகுத்துக் கொடுப்பவையே. ஏறுபவனின் இயலாமையைக் கருதி அமைந்ததே வழி. பரத்வம் என்னும் உயரத்தை ஸௌலப்யம் என்னும் வளைவுகளால் நமக்கு ஏறத்தக்கதாக்கியிருக்கிறான் எம்பெருமான்.

நம்மாழ்வாரும் திருவாய்மொழி இரண்டாம் பத்தின் பத்தாம் திருமொழியில் இதையே வேறொரு வகையில் காட்டுகிறார். இளமையின் ஒளி மங்குமுன் திருமாலிருஞ்சோலையைச் சென்று சேருங்கள் என்று தொடங்குவது அது. தொடங்கியவர் கோயிலோடு நிற்கவில்லை. மூன்றாம் பாசுரத்தில், பெருமான் உறையும் மலைக்கு அருகிலுள்ள அயல்மலையை அடைவதே செய்யத்தக்கது என்கிறார். ஐந்தாம் பாசுரத்தில் புறமலையைச் சாரச் சொல்கிறார். ஆறாம் பாசுரத்தில் அங்கே செல்லும் நெறியை நினைப்பதே நலம் என்கிறார். முகட்டைச் சுற்றியுள்ள தொடரும், அதற்கு இட்டுச்செல்லும் பாதையும், பாதையைப் பற்றிய நினைவும்கூட ஆழ்வார் திருவுள்ளத்தில் திருமலையாகவே ஆகிவிடுகின்றன.

அடியேனுக்கு இப்பாசுரங்கள் இளமையில் விளங்கவில்லை. விளங்கச் செய்தது நைனாமலை.

சேந்தமங்கலத்தை அடுத்த புதன்சந்தைப் பக்கத்தில் நிற்பது நைனாமலை. அதன் உச்சியில் வரதராஜப் பெருமாள் குவலயவல்லித் தாயாரோடு எழுந்தருளியிருக்கிறார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நள்ளிரவு முதலே ஜனங்கள் கோவிந்த நாமத்தோடு ஏறுவார்கள். இங்கே பெருமாள் முகட்டிலேயே இருக்கிறார். ஆதலால் வழியும் முகடுவரை போகிறது. அடியேன் சிறுவயது முதல் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமையேனும் ஏறிவந்தவன்.

என் தாயார் கடைசிப் பத்தாண்டுகளில் மலை ஏறவில்லை. அடிவாரத்தில் ஒரு பானை நீர்மோரோடு அமர்ந்து, ஏறுபவர்க்கும் இறங்குபவர்க்கும் ஊற்றிக்கொண்டிருப்பாள். இரவு வீடு திரும்பி, அண்டை வீட்டாரிடம், "மலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தேன்" என்பாள். எனக்கு அது பொய்யாகப் பட்டது. ஒருமுறை கேட்டேவிட்டேன்: "அம்மா, நீ எங்கே மலை ஏறினாய்?"

அவள் கோபிக்கவில்லை. "மலை எங்கேடா ஆரம்பிக்கிறது? நான் உட்கார்ந்திருந்த இடம் மலை இல்லையோ?" என்றாள்.

வங்கியில் எல்லைக்கல் பார்த்து நிலத்துக்குக் கடன் கொடுத்தவன் அடியேன். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. மலை எங்கே தொடங்குகிறது? முதற்படியிலா, முதல் சரிவிலா, மழைநீரோடு இறங்கிவந்த மலைமண் வயலில் கலக்கும் இடத்திலா? அயல்மலை, புறமலை என்று ஆழ்வார் அருளியதைத்தான் திருவாய்மொழி வ்யாக்யானம் கேட்டறியாத என் தாயார் அன்று சொன்னாள். பல ஆண்டுகள் கழித்துக் காலக்ஷேபத்தில் அப்பாசுரங்கள் வந்தபோது அடியேனால் தலை நிமிர முடியவில்லை. அவள் அப்போது இல்லை.

படி

ஒன்பதாம் பாசுரத்தில் ஆழ்வார் திருக்கோயில் வாசலில் படியாகக் கிடக்க விரும்புகிறார். அடியார்களும் வானவரும் அரம்பையரும் இடைவிடாது இயங்கும் படி அது. சந்நிதிகளில் கர்ப்பக்ருஹத்துக்கு முன்னுள்ள படியைக் குலசேகரன் படி என்று வழங்குவது இதனாலேயே.

இப்போது நான்கையும் சேர்த்துப் பார்க்கலாம். சிகரம் எம்பெருமானுக்கு மேலே, எட்ட நிற்கிறது. ஆறு சிகரத்திலிருந்து அவனை நோக்கிக் கீழே வருகிறது. வழி அடிவாரத்திலிருந்து அவனை நோக்கி மேலே வருகிறது. மேலிருந்து வரும் தீர்த்தக் குடமும் கீழிருந்து வரும் அடியாரும் சந்திக்கும் இடம் வாசற்படி. ஆழ்வார் மலையில் கீழ்நோக்கி இறங்கவில்லை. வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டிருக்கிறார். உயரத்தை அளந்தால் இறக்கம்; பெருமானிடமிருந்து உள்ள தொலைவை அளந்தால் ஒவ்வொரு பாட்டும் ஏற்றம். அளவுகோலை எங்கே ஊன்றுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இதற்குப் பாசுரத்திலேயே சான்று இருக்கிறது. குவடாக நிற்பேன் என்றார், ஆறாகப் பாய்வேன் என்றார், நெறியாய்க் கிடப்பேன் என்றார். இம்மூன்றிலும் பெருமானைக் காண்பேன் என்ற சொல் இல்லை. படியாய்க் கிடந்தபோதுதான் அவனுடைய பவளவாயைக் காண்பேன் என்கிறார். கண் இருப்பவை எல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருக்க, காலால் மிதிபடும் கல் மட்டும் அந்தப் புன்முறுவலைக் காண்கிறது.

படியாவதே முடிவோ என்றால், பத்தாம் பாசுரத்தில் அதையும் விட்டுவிடுகிறார். எம்பெருமானுடைய மலைமேல் ஏதேனும் ஒன்றாக ஆனால் போதும் என்கிறார். என்னவாக வேண்டும் என்ற தேர்வும் தம்முடையதன்று, அவனுடையது என்று விட்டதே பாரதந்த்ர்யம். குருகு, மீன் முதல் படி வரை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அடிவாரத்து நீர்மோர்ப் பானையும் அதில் அடங்கும் என்பது அடியேனின் நம்பிக்கை.

நமக்குள்ள பாடம்

இரண்டாண்டுகளுக்கு முன் அடியேனுடைய முழங்கால்களைப் பார்த்த மருத்துவர், இனிப் படி ஏறலாகாது என்றார். இளமை ஒளி மங்குமுன் செல்லுங்கள் என்ற ஆழ்வாரின் எச்சரிக்கை அன்று சுட்டது. பணியில் இருந்த நாள்களில் ஆண்டுக்கணக்கு முடிப்பு, தணிக்கை என்று விட்டுவிட்ட ஏற்றங்கள் நினைவுக்கு வந்தன. அன்பர்களே, கால் உள்ளபோதே ஏறிவிடுங்கள். கட்டுரையில் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

ஏற இயலாதவர்கள் வருந்த வேண்டா. எம்பெருமானார் முதலில் திருமலையின்மேல் அடிவைக்கத் தயங்கினார் என்றும், அடிவாரத்திலேயே தங்கித் திருமலை நம்பியிடம் ஓராண்டு ஸ்ரீராமாயணம் கேட்டார் என்றும் குருபரம்பரை கூறும். மலை முழுவதையும் திருமேனியாகக் கண்டவர்க்கு அடிவாரமும் சந்நிதியே. கடல் கடந்த நாடுகளில், மலையே கண்ணில் படாத நகரங்களில் இருந்து இதைப் படிக்கும் அன்பர்களுக்கும் அந்த நெறியை நினைப்பது உண்டு. ஆழ்வார் நினைப்பதையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

ஏறுபவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முகட்டைச் சேவிக்கச் சென்று, அதைச் சூழ்ந்த அயல்மலையை அசுத்தம் செய்யலாகாது. வழியில் எறியும் பிளாஸ்டிக் புட்டிகளும் பைகளும் ஆழ்வார் ஆக விரும்பிய நெறியின்மேல் விழுகின்றன. மழையில் அடித்துச் செல்லப்பட்டு, அவர் ஆக விரும்பிய கானாற்றில் கலக்கின்றன. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவருவதும் கைங்கர்யமே.

சென்ற புரட்டாசிக் கடைச் சனிக்கிழமையன்று நைனாமலை அடிவாரத்தில், தாயார் அமர்ந்த பக்கத்திலேயே, அடியேன் நீர்மோரோடு நின்றேன். கேள்வி கேட்ட அந்த இளைஞர் விடியுமுன் ஏறி, வெயில் ஏறும் நேரத்தில் இறங்கி வந்தார். சிறிய செம்பில் பெருமாள் தீர்த்தமும், இலையில் துளஸியும் கொண்டுவந்திருந்தார். மேலிருந்து வந்த தீர்த்தத்தை அடியேன் கையில் ஊற்றினார். அவருக்கு அடியேன் மோர் ஊற்றினேன்.

பிறகு இதுவரை எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் மலையை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் ஸ்வாமி, நீங்களும் இன்று மலைக்குப் போய்வந்தீர்கள்" என்றார்.

அன்று இரவு வீட்டில் அப்படியே சொன்னேன்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.
அடியேன் ராமாநுஜ தாஸன்